எழுத்துக்கு நாற்பது யூரோ

ஏற்ற நாற்பது, இறக்க இருபது.
ஓல்டன்பர்க்கில் என் கட்டணம் இதுதான்.
நாடுகளுக்கென்று தனி விலை வைத்ததில்லை.

முப்பத்திரண்டு வருஷமாய் ஏணியில் நிற்பவள் நான்.
ரயிலடியில் இருந்த யூகோஸ்லாவியா கிரில்லை
பால்கன் கிரில் ஆக்கினேன்,
பிறகு குரோஷியா,
பிறகு அந்த ஆளே வந்து
"வீப்கே, அட்ரியா என்று போட்டுவிடு,
கடலுக்கு யாரோடும் சண்டை இல்லை" என்றார்.
ஐந்தே எழுத்து. அவருக்கு லாபம்.

இந்த மார்ச்சில் ஸினாயிதா கூப்பிட்டாள்.
அவளுடைய ரஷ்யக் கடைக் கண்ணாடியில்
யாரோ முட்டை எறிந்திருந்தார்கள்.
"முட்டை விலை தெரியாதவன்" என்று
துடைத்துக்கொண்டே சொன்னாள்.
கடையின் தலையெழுத்தை மாற்ற வேண்டுமாம்.
எதுவாக மாற்ற என்று கேட்டேன்.
அதற்குத்தான் டீ போட்டிருக்கிறேன், உட்கார் என்றாள்.

அவள் மால்டோவாக்காரி. அதிலும் ககாவுஸ்;
அப்படியென்றால் என்ன என்று
விளக்கி விளக்கிச் சலித்துப்போய்
ஒருநாள் ரஷ்யா என்று எழுதிக்கொண்டவள்.
புருஷன் வால்டெமர் கரகாண்டாவில் பிறந்த ஜெர்மானியன்.
கல்லாவில் இருக்கும் ஒலேஸ்யா
செர்னிஹிவிலிருந்து வந்து ஒன்பது நாள்.
உப்பு வெள்ளரி ஹாம்பர்க்கில் போட்டது.
சுண்டிய பால் லிதுவேனியா.
ஹல்வா எந்த ஊர் என்று
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்,
எண்ணெய் பட்டு அழிந்திருந்தது.

கிழக்கு என்று வைக்கலாமா?
எதற்குக் கிழக்கு, என்றான் வால்டெமர்.
சர்வதேசக் கடை?
அந்த வார்த்தை எங்கள் பாஷையில் பதின்மூன்று எழுத்து,
ஐந்நூற்று இருபது யூரோ.
சமாதானம் மலிவு, ஏழுதான்.
ஒலேஸ்யா தலை நிமிராமல்
சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ரொட்டி வாங்க வந்த டோவ்ஸ் கிழவர்தான்
கைத்தடியைத் தரையில் குத்தினார்.
"அங்கே ஜெர்மன்காரன் என்று அடித்தார்கள்.
இங்கே வந்து இறங்கியதும் ரஷ்யன் என்றீர்கள்.
சரி, ரஷ்யன்தான் என்று பழகி
இந்தக் கடையில் வந்து நின்றால்,
அதையும் பிடுங்கப் போகிறீர்களா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அவர் ரொட்டியை மறந்து போனார்.
ஒலேஸ்யா தெருமுனைவரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் பெயர்தான் பெயர்ந்தது.
பத்து எழுத்தையும் உளி கொடுத்து நெம்பினேன்,
மிச்சம் கடை என்ற சொல் மட்டும்.
நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி,
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டவரைப்போல.
நகர்த்தி வைக்கட்டுமா என்றேன்.
"காசில்லை. அப்படியே இருக்கட்டும்."

பக்கத்து முடிதிருத்தகத்து நிஸார்
வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
அலெப்போக்காரர். அவர் பலகையில்
ரெண்டு வருஷமாய் ஒரு எஸ் இல்லை.
"உன் கூடையில் மூன்று இருக்கிறதே" என்றார்.
அளவு வேறு, அச்சு வேறு,
அவருடையது நீலம், இது சிவப்பு.
இருந்தாலும் வைத்துக் கொடுத்தேன்,
காசு வாங்கவில்லை.

ரசீது எழுதும்போதுதான் திணறல்.
வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் என்ன போட?
ஸினாயிதா யோசித்துக்கொண்டிருக்க
ஒரு பையன் போனோடு உள்ளே நுழைகிறான்:
"ரஷ்யாக்காரி கடையில்தான்மா இருக்கேன்,
புளிப்புப் பாலாடை எத்தனை?"
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் ரசீதைப் பார்த்தேன்.

ஒன்பது எழுத்து இப்போது என் வண்டியின் பின்னால்
திருப்பங்களில் கடகடக்கிறது.
சிவப்பு விளக்கில் நின்றபோது
கலைத்துக் கலைத்துச் சேர்த்துப் பார்த்தேன்,
எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் வரவில்லை.

அடுத்த வேலை ரயிலடியில்.
அட்ரியாவில் ஒரு எழுத்து
இரவில் எரிவதில்லையாம்.